அரசு கற்க வேண்டிய இடம்: ஆஸ்திரேலியப் பூர்வகுடி அமைப்புகளும் அரசுத் துறைகளும் செய்துகொள்ளும் பணிப் பரிமாற்றம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய வடிவம்)



அயற்பணி என்றால் என்னவென்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. தாய்த்துறையில் பணியிடமும் பணிமூப்பும் அப்படியே இருக்க, ஒருவர் சில காலம் வேறொரு நிறுவனத்தில் போய் வேலை பார்க்கிறார். ஆஸ்திரேலியாவில் இந்த ஏற்பாடு அரசுத் துறைகளுக்கும், பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் அமைப்புகளுக்கும் இடையே நடக்கிறது. அரசு அலுவலர் அந்த அமைப்புக்குப் போகிறார்; அமைப்பின் ஊழியர் அரசு அலுவலகத்துக்கு வருகிறார். கேட்பதற்கு எளிய ஏற்பாடாகத் தோன்றும் இதற்குள், அரசுக்கும் அது நெடுங்காலம் ஒடுக்கிய மக்களுக்கும் இடையிலான கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இதை இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 8,12,728 பேர் தங்களைப் பூர்வகுடியினர் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினர் என்று பதிவுசெய்தார்கள். நாட்டின் மக்கள்தொகையில் இது 3.2 விழுக்காடு. இவர்களுக்கான மருத்துவம், சட்ட உதவி, குழந்தைகள் நலம், வீட்டுவசதி ஆகியவற்றில் ஒரு பங்கை இவர்களே தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுக்களின் கீழ் இயங்கும் அமைப்புகள் கவனிக்கின்றன. மருத்துவத்தில் மட்டும் இப்படிப்பட்ட அமைப்புகள் 140க்கு மேல் இருக்கின்றன. நிதியோ பெரும்பாலும் அரசிடமிருந்து வருகிறது. ஆக, கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவர் அலுவலகத்தில் மற்றவர் போய் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஏற்பாடு இது.

என் கருத்து இதுதான். இந்தப் பரிமாற்றத்தில் கற்க வேண்டிய தரப்பு அரசு. அரசின் அலுவலரை ஏற்றுக்கொள்ளும் பூர்வகுடி அமைப்பு கற்பிக்கும் தரப்பு. கற்பிக்கும் தரப்புக்குரிய அதிகாரத்தையும் ஊதியத்தையும் அதற்குக் கொடுக்காதவரை, எத்தனை பேரை அனுப்பினாலும் எத்தனை பேரை வரவழைத்தாலும் அரசு மாறாது. இதை ஏழு கூறுகளாக விளக்குகிறேன்.

1. இந்த அமைப்புகள் அரசின் கைவிடலிலிருந்து பிறந்தவை

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1883 முதல் பூர்வகுடியினருக்கான பாதுகாப்பு வாரியம் ஒன்று இருந்தது. 1915இல் நடந்த சட்டத் திருத்தம், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமலேயே குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போகும் அதிகாரத்தை அந்த வாரியத்துக்குக் கொடுத்தது. பெயர் மாறி நலவாரியம் என்று ஆனபிறகும் அது 1969 வரை நீடித்தது. இன்றும் அங்குள்ள முதியவர்கள் ‘வெல்ஃபேர்’ என்ற சொல்லைக் கேட்டால் முகம் இறுகிப்போகிறார்கள். வீட்டு வாசலில் வந்து நின்ற அரசுக் கார் குழந்தையை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்த வாரியம் கலைந்த மறு ஆண்டு, 1970இல், சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் பூர்வகுடிச் சட்ட உதவி மையம் தொடங்கியது. காவல்துறையின் தொல்லையைத் தாங்க முடியாத இளைஞர்கள், மனமுவந்து வந்த வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினார்கள். 1971இல் அதே பகுதியில், ஒரு கடைக் கட்டடத்தில், பூர்வகுடி மருத்துவ நிலையம் உருவானது. நாடு முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே 1975இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மக்கள் தங்களுக்கென்று இலவச மருத்துவத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். 1973இல் மெல்பர்னின் ஃபிட்ஸ்ராயிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலும் இத்தகைய அமைப்புகள் எழுந்தன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசு அலுவலர் ஒருவர் இந்த வாசலை மிதிக்கும்போது, அரசு செய்யத் தவறியதைச் செய்துகாட்டிய இடத்துக்கு அவர் வருகிறார். அரை நூற்றாண்டு அனுபவம் அங்கே இருக்கிறது. ‘அவர்களுடைய திறனை வளர்க்கப் போகிறேன்’ என்ற எண்ணத்தோடு வருகிறவர் முதல் நாளிலேயே திசை தவறிவிடுகிறார்.

2. அருகில் போய் இருப்பது மட்டும் கற்றல் ஆகாது

‘அலுவலர்கள் மக்களிடம் போய் இருந்தால் போதும், எல்லாம் புரிந்துவிடும்’ என்று ஒரு நம்பிக்கை நம்மிடமும் உண்டு. 2007இல் வடக்கு ஆட்சிப்பகுதியில் நடந்தது இதற்கு மறுப்பு. குழந்தைகளைப் பாதுகாக்கிறோம் என்று அறிவித்து, கூட்டரசு அங்கே அவசரத் தலையீட்டில் இறங்கியது. 73 பூர்வகுடிக் குடியிருப்புகள் அதன் கீழ் வந்தன. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அந்த நடவடிக்கைகளைப் பொறுத்தவரை நிறுத்திவைக்கப்பட்டது. குடியிருப்புகளில் அரசு மேலாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் அங்கேயே தங்கினார்கள், அந்த மக்களோடு அன்றாடம் பழகினார்கள். ஆனால் பொறுப்புச் சொல்ல வேண்டியது தலைநகர் கான்பராவுக்கு. குடியிருப்பின் ஆட்சிக்குழு அவர்களிடம் வேலை வாங்க முடியாது, ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லவும் முடியாது.

இதனோடு அயற்பணியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரும் அதுதான், மக்களும் அவர்கள்தான். வேறுபடுவது ஒன்றுதான்: அந்த அலுவலர் அங்கே யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறார்? அமைப்பின் மேலாளர் சொல்லும் வேலையை, அவர் வைத்த முறைப்படி, அவருடைய மதிப்பீட்டுக்கு உட்பட்டுச் செய்யும்போதுதான் கற்றல் தொடங்குகிறது. கட்டளையிட்டே பழகியவர் கட்டளையை ஏற்கும் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். பரிமாற்றத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

3. வேலையைத் தீர்மானிக்கிறவர் ஏற்கும் தரப்பாக இருக்க வேண்டும்

இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று அந்த நாட்டிலேயே உண்டு. 2000களின் தொடக்கத்தில் கேப் யார்க் தீபகற்பத்தில், நோயல் பியர்சன் முதலான பூர்வகுடித் தலைவர்களும் சில பெருநிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு இன்று ‘ஜாவுன்’ என்ற பெயரில் பல பகுதிகளில் நடக்கிறது. வங்கிகள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றின் ஊழியர்கள் முதலில் போனார்கள். பின்னர் கூட்டரசின் அலுவலர்களும் சேர்ந்தார்கள். பெரும்பாலும் ஆறு வார அளவில் அமையும் பணி. ஊதியத்தைத் தாய் நிறுவனமே தருகிறது.

இதில் நான் மதிக்கும் கூறு, வேலைக் குறிப்பு பூர்வகுடி அமைப்பிடமிருந்து தொடங்குவது. ‘எங்களுக்கு ஒரு நிதித் திட்டம் வேண்டும்’, ‘பணியாளர் விதிமுறைகளைத் தொகுக்க வேண்டும்’ என்று அவர்கள் எழுதிக் கேட்கிறார்கள். அதற்கேற்ற ஆளைத் தேடுகிறார்கள். அந்தந்தப் பகுதியிலேயே இருக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் வருகிறவர்களை அந்த மண்ணின் மரபுக்கு அறிமுகப்படுத்தி, தொடர்ந்து உடனிருக்கிறார்கள். ஒருவர் முடித்த இடத்திலிருந்து அடுத்தவர் தொடரும்படி வேலையைக் கோத்துக் கொடுக்கிறார்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஆறு வாரத்தில் ஓர் ஆவணத்தை எழுதி முடிக்கலாம். நம்பிக்கையைச் சம்பாதிக்க ஆறு வாரம் போதாது. ஊரில் ஒரு மரணம் நேர்ந்தால் துக்கச் சடங்குகள் முடியும்வரை அலுவலகம் மூடிக் கிடக்கலாம். அது ஒரு வாரமும் இருக்கலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த நாள்களை ‘வேலை நடக்காத நாள்கள்’ என்று கணக்கெழுதுகிறவருக்கு அந்த ஊரின் வாழ்க்கை பிடிபடவில்லை. அரசுத் துறைகள் ஆறு மாதம், ஓராண்டு என்ற அளவில் திட்டமிட வேண்டும் என்பது என் கருத்து.

4. ஏற்றுக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு. அதை அரசு கொடுக்க வேண்டும்

‘இலவசமாக ஓர் ஆளைத் தருகிறோம்’ என்பது அரசுத் தரப்பில் அடிக்கடி கேட்கும் சொல். ஏற்கும் தரப்பிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். புதியவரை அழைத்துப்போய் மூத்தோரிடம் அறிமுகப்படுத்த ஓர் ஊழியர் வேண்டும். எந்த வீட்டுக்குப் போகலாம், எங்கே போகக்கூடாது, யார் யாருக்கு என்ன உறவு, பெண்களின் விஷயங்களை யாரிடம் பேசுவது என்று சொல்லித்தர வேண்டும். தொலைதூரக் குடியிருப்புகளில் உள்ளூர் மக்களுக்கே வீடு போதாமல், ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. அங்கே வருகிறவருக்குத் தங்க இடம் பார்க்க வேண்டும். வண்டி வேண்டும். மேலாளரின் நேரம் வேண்டும். இவ்வளவும் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் இருக்கும் அமைப்பின் தோளில் விழுகிறது.

மாதச் சாமான்களை அளந்து வாங்கும் வீட்டுக்கு விருந்தாளியை அனுப்பிவிட்டு, அரிசி யார் வாங்குவது என்று கேட்காமல் இருப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும். எனவே ஏற்கும் அமைப்புக்கென்று தனி நிதி ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். மூத்தோர் கற்றுத்தரும் நேரத்துக்கும் ஊதியம் வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டும் துறை, வாழ்நாள் அறிவைச் சொல்லித்தரும் பாட்டியிடம் அதை இலவசமாக எதிர்பார்ப்பது நியாயம் ஆகாது.

ஒரு நல்ல பரிமாற்றம் என்ன காட்டும் என்பதற்கு, இத்தகைய மருத்துவ அமைப்பு ஒன்றின் கணக்குப் பிரிவுக்கு உங்களை அழைத்துப்போகிறேன். கணக்காளரின் மேசையில் வண்ண வண்ணக் கோப்புகள். தாய்-சேய் நலத்துக்கு ஒன்று, சர்க்கரை நோய்க்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று, புகைபிடிப்பதைக் கைவிடச் செய்யும் திட்டத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வேறு துறை, வேறு படிவம், வேறு கெடு. சில கூட்டரசுக்கு, சில மாநிலத்துக்கு. நோயாளி ஒரே பெண்மணிதான்: கர்ப்பிணி, சர்க்கரை நோய் உண்டு, மனச்சோர்வும் உண்டு. அவரைப் பார்த்த செவிலியரின் ஒரு மணி நேரத்தை எந்தக் கோப்பில் எத்தனை நிமிடமாகப் பிரிப்பது என்று கணக்காளர் யோசித்துக்கொண்டிருக்கிறார். இந்தத் திட்டங்களுக்கான நிதி ஓராண்டுக்குத்தான் உறுதி என்பதால் செவிலியருக்கு நிரந்தரப் பணியும் கொடுக்க முடியாது. ஜூன் மாதம் நிதியாண்டு முடிகிறபோது அவர் வேறு வேலை தேடத் தொடங்குவார்.

2009இல் ஜூடித் ட்வயரும் சக ஆய்வாளர்களும் இந்த மருத்துவ அமைப்புகளின் ஒப்பந்தங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். நிதி சிறுசிறு ஒப்பந்தங்களாகச் சிதறிக் கிடப்பதையும், அறிக்கை எழுதும் சுமை அமைப்புகளை அழுத்துவதையும் அது விரிவாகக் காட்டியது. ஆய்வறிக்கையில் படிப்பது ஒன்று. அந்தப் படிவத்தை வடிவமைத்த துறையின் அலுவலரே கணக்காளரின் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிரப்பிப் பார்ப்பது வேறொன்று. தலைநகரில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. அந்தக் கட்டத்தை நிரப்ப இங்கே எத்தனை நோயாளிக் குறிப்புகளைப் புரட்ட வேண்டும் என்பதை அந்த அலுவலர் இங்கே உட்கார்ந்துதான் அறிய முடியும்.

5. எதிர்த்திசையில் வருகிறவரைக் காப்பாற்ற வேண்டும்

பூர்வகுடி அமைப்பிலிருந்து அரசு அலுவலகத்துக்கு வரும் பயணம் இன்னும் கடினமானது. பத்துப் பேர் வேலை பார்க்கும் அமைப்பிலிருந்து ஒரு மூத்த ஊழியர் ஓராண்டு போனால், அங்கே விழும் பள்ளம் பெரியது. அவருடைய இடத்தில் வேலை பார்க்க ஆள் வைக்கும் செலவை அரசுத் துறை ஏற்க வேண்டும். அடுத்து, ஊதியம். அதே வேலைக்கு அரசு கூடுதலாகத் தருகிறது. ஓராண்டு அந்த ஊதியத்தில் வாழ்ந்தவர் அங்கேயே தங்கிவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் பரிமாற்றம் என்ற பெயரில் சமூகத்தின் சிறந்த ஆள்களை அரசு உறிஞ்சிக்கொள்ளும் நிலை வந்துவிடுகிறது. சமூக அமைப்புகளின் ஊழியர்களுக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று பூர்வகுடி அமைப்புகளும் அரசுகளும் 2020இல் செய்துகொண்ட தேசிய உடன்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும் அளவுக்குத்தான் இந்தத் திசைப் பயணம் நேர்மையானதாக இருக்கும்.

அலுவலகத்துக்குள் அவருக்கு என்ன நேர்கிறது? தளம் முழுவதிலும் ஒரே பூர்வகுடி ஊழியராக அவர் இருக்கலாம். உடனே எல்லாக் கோப்புகளும் அவர் மேசைக்கு வருகின்றன. ‘இதைப் பற்றிப் பூர்வகுடியினர் என்ன நினைப்பார்கள்?’ என்று கேட்கிறார்கள். விழா நாளில் வரவேற்புரைக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறார்கள். பணிக்குறிப்பில் இல்லாத இந்த வேலையை அங்கே பண்பாட்டுச் சுமை என்கிறார்கள். மாலையில் வீட்டுக்குப் போனால் உறவினர்கள், ‘நீதான் அரசாங்கத்தில் இருக்கிறாயே, எங்கள் வீட்டுப் பிரச்சினை என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகளின் கீழ் வந்துவிட்டதால், நேற்றுவரை பொதுமேடையில் பேசியதை இன்று பேச முடியாது. இரண்டு பக்கமும் நெருக்கும் இந்த நிலையில், தனியாக ஒருவரை அனுப்பக்கூடாது. குறைந்தது இருவராகப் போக வேண்டும். தங்கள் அமைப்போடு பேசும் வழி எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம் வேண்டும். ஆலோசனை கேட்டுவிட்டு முடிவை மூடிய அறையில் எடுப்பதென்றால் அவரை வரவழைத்ததில் பொருளே இல்லை.

6. தகவல் யாருடையது என்பதை முதல் நாளே தீர்க்க வேண்டும்

ஒரு துறையில் நிதி ஒதுக்கீட்டைக் கவனிப்பவர், அந்த நிதியைப் பெறும் அமைப்பிலேயே போய் உட்காரக்கூடாது. இது வெளிப்படை. அதைவிட நுட்பமான சிக்கல் தகவல். அயற்பணிக்கு வந்தவர் காதில் பல விஷயங்கள் விழும்: எந்தக் குடும்பத்தில் சண்டை, யார் குடியிலிருந்து மீள முயல்கிறார், எந்தக் குழந்தை பாட்டி வீட்டில் வளர்கிறது. பதிவேடுகளைக் கொண்டே குழந்தைகள் பிரிக்கப்பட்ட நாட்டில், கோப்பில் ஏறும் ஒவ்வொரு வரிக்கும் அச்சம் உண்டு. தங்களைப் பற்றிய தரவுகள் தங்கள் ஆளுகையில் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கே வலுவாக எழுந்திருக்கிறது. ‘மையாம் நைரி விங்காரா’ என்ற பூர்வகுடிக் குழு 2017 முதல் இதற்காகவே உழைக்கிறது. அமைப்பின் அனுமதியின்றி அங்கு அறிந்த எதையும் துறைக்குக் கொண்டுபோவதில்லை என்ற உறுதியை அலுவலரிடமிருந்து மட்டும் பெற்றால் போதாது. அவரிடம் அப்படிக் கேட்கமாட்டோம் என்று துறையும் எழுதித்தர வேண்டும்.

7. திரும்பிய பிறகு மாற வேண்டியது துறை

1991இல், காவலில் நேர்ந்த பூர்வகுடியினரின் மரணங்களை ஆராய்ந்த அரச ஆணையம் 339 பரிந்துரைகளைத் தந்தது. கொள்கைகளையும் திட்டங்களையும் வகுக்கையில் பூர்வகுடி அமைப்புகளோடு பேசி, அவர்களுடைய தன்னாட்சி உரிமைக்கு இடந்தரும் நெறிகளை வகுக்க வேண்டும் என்பது அதன் 188ஆம் பரிந்துரை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2020 ஜூலையில், பாட் டர்னர் தலைமையில் திரண்ட பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியும் எல்லா அரசுகளும் சேர்ந்து, முன்பு சொன்ன தேசிய உடன்பாட்டைச் செய்துகொண்டன. அதன் நான்கு முதன்மைச் சீர்திருத்தங்களில் மூன்றாவது, அரசு நிறுவனங்களே தங்களை மாற்றிக்கொள்வது. பாகுபாட்டை அடையாளம் கண்டு களைவது, நிதி ஒதுக்கீட்டில் வெளிப்படையாக நடப்பது போன்ற கடமைகளை அரசுகள் ஏற்றுக் கையெழுத்திட்டன. 2024 பிப்ரவரியில் வெளிவந்த, கூட்டரசின் உற்பத்தித் திறன் ஆணையத்தின் மதிப்பாய்வு, அரசுகள் பெரும்பாலும் இந்த வாக்குறுதிகளை நிறைவேற்றவில்லை என்றும், அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னது.

இந்த இடத்தில் பணிப் பரிமாற்றத்துக்கு ஒரு சோதனை வைக்கலாம். போய்வந்தவர் ‘என் பார்வையே மாறிவிட்டது’ என்று நெகிழ்ந்து பேசுகிறார். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் உட்காரும் நாற்காலியின் அதிகாரம், நிரப்பச் சொல்லும் படிவம், நிதி தரும் கால அளவு ஆகியவற்றில் என்ன மாறியது? இரண்டாண்டில் அவர் பதவி உயர்வு பெற்று வேறு துறைக்குப் போய்விட்டால் கற்றதும் அவரோடு போய்விடுகிறது. ஆகவே, திரும்பி வந்தவர் தன் துறையில் மாற்ற வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, தன்னை ஏற்றுக்கொண்ட அமைப்பின் ஒப்புதலோடு துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். துறைத் தலைவர் குறித்த காலத்துக்குள் அந்த அமைப்புக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஓராண்டு கழித்து, மாறியது என்ன என்பதை அந்த அமைப்பே மதிப்பிட வேண்டும்.

பரிமாற்றம் எங்கே போய்ச் சேரக்கூடும் என்பதற்கு விக்டோரியா மாநிலம் ஒரு சான்று. அங்கே 2005ஆம் ஆண்டின் குழந்தைகள், இளையோர், குடும்பங்கள் சட்டத்தின் 18ஆம் பிரிவு, நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையின் கீழ் இருக்கும் பூர்வகுடிக் குழந்தையின் பொறுப்பை அரசுத் துறையிடமிருந்து பூர்வகுடி அமைப்பின் தலைமை அலுவலருக்கு மாற்ற வழிசெய்கிறது. சட்டம் வந்தவுடன் அது நடந்துவிடவில்லை. சட்டப்படியான அதிகாரம் துறையிடமே இருக்க, பொறுப்பு தங்களிடம் இருப்பதுபோலவே அமைப்பின் ஊழியர்கள் வேலை செய்து பார்த்த சோதனைக் காலம் ஒன்று இருந்தது. இரு தரப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்த காலம் அது. அதன்பின் 2017இல் விக்டோரியப் பூர்வகுடிக் குழந்தைகள் நல அமைப்புக்கு அந்த அதிகாரம் முதன்முதலாக முழுமையாகக் கைமாறியது. குழந்தைகளைப் பிரித்தெடுத்த அரசு, குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை அவர்களுடைய சமூகத்திடமே ஒப்படைத்தது.

அவையோரே, 2023 அக்டோபர் 14 அன்று, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அவை ஒன்றை அரசமைப்பில் சேர்க்கலாமா என்று ஆஸ்திரேலிய மக்களிடம் கேட்கப்பட்டது. வாக்களித்தோரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அந்த முன்மொழிவு ஆறு மாநிலங்களிலும் தோற்றது. அந்தப் பெரிய கதவு மூடிய பிறகு, அன்றாட நிர்வாகத்தின் சிறு கதவுகள் இன்னும் முக்கியமாகிவிட்டன. அவற்றுக்கு மக்கள் வாக்கெடுப்பு வேண்டாம். ஒரு துறைச் செயலர் கையெழுத்திட்டால் போதும்.

நம் குடும்பங்களிலிருந்தும் மருத்துவர்கள் பலர் ஆஸ்திரேலியாவின் தொலைதூர மருத்துவ நிலையங்களுக்குப் போய்ப் பணியாற்றுகிறார்கள். இங்கிருந்து அங்கே ஆராய்ச்சிக்குப் போகும் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும், இந்த அவையில் உள்ள நிர்வாகிகளுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஒரு பரிமாற்ற ஒப்பந்தம் உங்கள் முன் வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். வேலையைத் தீர்மானித்தவர் யார்? ஏற்பதற்கான செலவை யார் கொடுக்கிறார்? அறிந்த தகவல் யாருடையது? திரும்பிய பிறகு என்ன மாற வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லப்போவது யார்? முதல் கேள்விக்கும் கடைசி இரண்டுக்கும் ‘சமூகத்தின் அமைப்பு’ என்றும், இரண்டாவதற்கு ‘அரசு’ என்றும் விடை வந்தால் கையெழுத்திடுங்கள். வேறு விடை வந்தால் ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பி, அந்த அமைப்பையே எழுதித்தரச் சொல்லுங்கள்.